அஸ்கிரிய அத்தியாயம்

பத்திரிகை அலுவலகங்களில் சிரிப்புக்குப் பஞ்சம் வருவதில்லை. மொழிபெயர்ப்பு மேசை அதைப் பார்த்துக்கொள்ளும். 1990களின் நடுப்பகுதியில் நான் பணியாற்றிய நாளிதழொன்றில், புதிதாகச் சேர்ந்திருந்த யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் ஆங்கிலச் செய்தியொன்றைத் தமிழாக்கிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கண்டி மகாநாயக்க தேரர் ஒருவரின் அறிக்கை அது. ஆங்கிலத்தில் 'அஸ்கிரிய சாப்டர்' என்று இருந்ததை அவர் தயக்கமேயின்றி 'அஸ்கிரிய அத்தியாயம்' என்று எழுதியிருந்தார். 'அஸ்கிரிய அத்தியாயத்தின் மகாநாயக்க தேரர் நேற்று விடுத்த அறிக்கையில்' என்று செய்தி கம்பீரமாகத் தொடங்கியது. நான் அதை 'அஸ்கிரிய பீடம்' என்று திருத்தினேன். திருத்தியதோடு விட்டிருக்கலாம், எழுந்து நின்று உரக்க வாசித்தும் காட்டினேன். அன்று மாலை வரை அலுவலகம் சிரித்தது. அந்த இளைஞருக்கு 'அத்தியாயம்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அதே மாதத்தில் என் முறை வந்தது. மாத்தளையிலிருந்து வந்த ஒரு சிறு செய்தியில் 'புத்திஸ்ட் பிரீஸ்ட்' என்றிருந்ததை நான் 'பௌத்த மதகுரு' என்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன். அதற்கு எவரும் சிரிக்கவில்லை. அப்படித்தான் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து தபாலட்டை வந்தது. மாத்தளைக்காரர், என்னையும் மாத்தளைக்காரன் என்று அறிந்திருந்தார். 'தம்பி, குரு என்றால் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் வருகிற ஐயர். கடவுளுக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறவர். பிக்கு அப்படி நடுவில் நிற்கிறவரா? அவர் என் வாசலில் பாத்திரத்தோடு நிற்கிறவர். அலுவிகாரையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன நீங்களே இப்படி எழுதலாமா?' என்று நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்.

மரண வீடுகளில் பிக்குமார் பிரித் ஓதுவதை அந்த ஆசிரியர் அறியாதவராக இருந்திருக்க முடியாது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பத்திரிகைக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் இருக்கவில்லை. நானும் பதில் எழுதவில்லை. தபாலட்டையை மட்டும் எறிய மனம் வரவில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அலுவிகாரையில் இறங்கினேன். மாத்தளை நகரிலிருந்து வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியோரம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில் இருக்கிறது. பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்க, அவற்றின் இடுக்குகளில் குகைகள். முற்காலத்தில் ஓர் அரக்கன் இந்தப் பாறைகளில் மூன்றை அடுப்புக்கல்லாக வைத்துச் சமைத்தான் என்றும், அந்த அடுப்புச் சாம்பலால் ஊருக்குப் பெயர் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. சிங்களத்தில் 'அளு' என்றால் சாம்பல். படித்தவர்கள் வேறு விளக்கம் சொல்வார்கள்: 'ஆலோக லேனை', அதாவது ஒளிக்குகை என்பதன் சிதைவே அலு என்பது. எனக்கு இரண்டும் பிடிக்கும்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே வந்த திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது. அதைச் செய்தவர்கள் ஐந்நூறு பிக்குமார் என்பதும், செய்த இடம் இந்தக் குகைகள் என்பதும் மரபு. மகாவம்சம் நிகழ்ச்சியைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. மாத்தளை என்று இடம் சுட்டுவது 14ஆம் நூற்றாண்டின் நிகாய சங்கிரகம். எழுத நேர்ந்த காரணங்களில் பஞ்சம் ஒன்று, போர் ஒன்று. அந்தப் போரில் அநுராதபுரத்தைப் பிடித்து, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர்பின் ஒருவராக ஆண்ட ஐவரும் தமிழர்கள். மனனம் செய்தவர்கள் செத்துப்போனால் நூலும் செத்துப்போகும் என்ற அச்சத்தில் எழுத்தாணியை எடுத்திருக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு எம்மவரும் ஒரு காரணம் என்பதை மாத்தளைத் தமிழன் அலுவிகாரையில் நின்று நினைக்காமல் இருக்க முடியாது. இன்னொன்றும் நினைக்கலாம்: பின்னாளில் அந்தப் பாளி நூல்களுக்கு உரை கண்டவர்களில் புத்ததத்தர் சோழநாட்டவர், காவிரிப்பட்டினத்தில் இருந்து எழுதியவர். புத்தகோசருக்கு அலுவிகாரையிலேயே ஒரு சிலை இருக்கிறது. இலங்கைக்கு வருமுன் தாம் காஞ்சியில் தங்கியதை அவரே குறித்திருக்கிறார்.

அன்று முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். தபாலட்டைக் கதையைச் சிங்களத்தில் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார். "மஹத்தயா, மதகுரு என்று எழுதினால் எனக்குக் கோபமில்லை. ஆனால் உபசம்பதா பெற்ற நாளில் எனக்குத் தந்த பெயர் பிக்கு. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்றார்.

"பிச்சை எடுப்பவர், ஹாமுதுருவனே."

"அதைத் தமிழில் எழுத உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அதுதான் மதகுரு என்று எழுதுகிறீர்கள்."

அவர் சொன்னது உண்மை. 'பிக்கு'வும் 'பிச்சைக்காரனு'ம் ஒரே வேரில் பிறந்தவர்கள். பிக்ஷை என்பதே தமிழில் பிச்சை. அதற்கும் பின்னே போனால், பங்கு கேட்டல் என்ற பொருளுள்ள வினை நிற்கிறது. உழுதவன் வீட்டு உலையிலிருந்து தனக்கு ஒரு பங்கு கேட்டு நிற்பவர் பிக்கு. ஐரோப்பாவிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ், தொமினிக் ஆகியோரின் வழிவந்த துறவிகளை 'மெண்டிகன்ட்' என்றார்கள். இலத்தீனில் பிச்சை எடுப்பவர் என்பதே பொருள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் 'பிரயர்' என்றும் பெயர். அது 'சகோதரன்' என்ற இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த வடிவம். ஹங்கேரிய மொழியில் அத்தகைய துறவியைக் குறிக்கும் 'பராத்' என்ற சொல்லுக்கு இன்று நண்பன் என்றும் பொருள். நமது மணிமேகலையின் கையிலும் அமுதசுரபி என்ற பாத்திரம்தான் இருந்தது. பிச்சைப் பாத்திரத்தையே காப்பியத்தின் நடுவில் வைத்த மொழியில் பிறந்துகொண்டு, பிச்சை என்ற சொல்லுக்குக் கூசி 'மதகுரு'வுக்குள் ஒளிந்திருக்கிறேன்.

பேராதனையில் கலைப்பட்டத்துக்குப் படித்தபோது கிரேக்க, ரோம நாகரிகத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தேன். பரீட்சையோடு மறந்துபோன அந்தப் பாடம் தபாலட்டைக்குப் பிறகுதான் உதவத் தொடங்கியது. இரவுக் கடமையில் பக்கங்கள் அச்சுக்குப் போனபின் நிறைய நேரம் இருக்கும். அகராதியைப் புரட்டுவேன்.

ஐரோப்பியர் துறவிக்கு வைத்த பெயரின் அடியில் பிச்சை இல்லை, தனிமை இருக்கிறது. கிரேக்கத்தில் 'மோனோஸ்' என்றால் தனி. தனித்திருப்பவன் 'மொனாகோஸ்'. ஆங்கிலத்தின் 'மங்க்', பிரெஞ்சின் 'முவான்', இத்தாலியத்தின் 'மோனகோ', ஜெர்மானியத்தின் 'மோன்ஷ்', அயர்லாந்தின் 'மனக்' என எல்லாம் அதன் பிள்ளைகள். ரஷ்யர்கள் சொல்லைக் கடன் வாங்கியதோடு நில்லாமல், 'தனி' என்ற தங்கள் சொல்லிலிருந்தே 'இனோக்' என்று ஒன்றையும் ஆக்கிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தனியன் வாழுமிடமான 'மோனஸ்தீரியொன்' விரைவிலேயே நூறு பேர் கூடி வாழும் கட்டடமாகிவிட்டது. எகிப்தியப் பாலைவனத்தில் அந்தோனியார் தனியே போய் உட்கார்ந்தார். 4ஆம் நூற்றாண்டில் பகோமியுஸ் அத்தகையவர்களைச் சேர்த்து ஒரு மதிலுக்குள் கூட்டுவாழ்க்கை நடத்த வைத்தார். தனிமையின் பெயரோடு கூட்டம் குடியேறியது. இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள 'மின்ஸ்டர்' அந்தச் சொல்லின் மிச்சம்தான். மேற்கு மடம் என்று பெயருள்ள இடத்தில் இன்று பாராளுமன்றம் கூடுகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரமும் துறவிகளின் பெயரால் அமைந்தது. அதன் இலச்சினையில் இன்னும் ஒரு துறவி நிற்கிறார். பின்லாந்தில் 'முன்க்கி' என்றால் துறவியும்தான், எண்ணெயில் பொரித்த இனிப்புப் பணியாரமும்தான்!

'ஹெர்மிட்' என்ற சொல்லின் வேர் பாலைவனம். பாலைவனமே இல்லாத அயர்லாந்திலும் துறவிகள் தங்கள் ஒதுக்கிடங்களுக்குப் பாலைவனம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையே பெயராக வைத்தார்கள். மழை ஓயாத அந்த நாட்டின் ஊர்ப்பெயர்களில் 'திசெர்ட்' என்று அது இன்றும் இருக்கிறது. இலங்கையில் பாலைவனம் இல்லை, காடு இருந்தது. ஆகவே இங்கே ஊரோடு ஒட்டி வாழ்ந்த கிராமவாசிப் பிக்குகள், காட்டில் வாழ்ந்த ஆரண்யவாசிப் பிக்குகள் என்று பிரிந்தார்கள்.

'விகாரை' இதற்கு நேர்மாறான பயணம் செய்த சொல். அதன் வினையில் உலாவுதல், பொழுதைக் கழித்தல் என்ற பொருள்கள் உண்டு. மழைக்காலம் மூன்று மாதம் தவிர மற்ற நாள்களில் ஓரிடத்தில் நில்லாமல் நடப்பதே தொடக்ககாலப் பிக்குவின் ஒழுக்கம். அந்த நடையின் சொல் தங்குமிடத்தின் பெயராகி, பின் பெருங்கட்டடமாகி, இந்தியாவில் பீகார் என்று ஒரு மாநிலத்தின் பெயராகவும் ஆயிற்று. சிங்களவர் அன்றாடம் வழங்கும் 'பன்சல' இன்னும் நெருக்கமானது. பாளியில் 'பண்ணசாலா', அதாவது இலையால் வேய்ந்த குடில். இராமனும் சீதையும் பஞ்சவடியில் இருந்தார்களே, அந்தப் பர்ணசாலையேதான். 'பன்சலைக்குப் போகிறோம்' என்று அயல்வீட்டுச் சிங்களப் பெண் சொல்லும்போது அவர் கம்பராமாயணத்துச் சொல்லைச் சொல்கிறார் என்பது நாற்பது வயது வரை எனக்குத் தோன்றவில்லை.

இனி 'பிரீஸ்ட்' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதுதான் என்னைத் தடுக்கிவிழச் செய்தது, இரண்டு தடவை.

ஆங்கிலேயர் கண்டியை எடுத்தபோது, 1815 மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவில், பௌத்த சமயத்தின் சடங்குகளையும் 'மினிஸ்டர்'களையும் வழிபாட்டிடங்களையும் காப்பதாக ஒப்புக்கொண்டார்கள். இங்கே மினிஸ்டர் என்பது அமைச்சரல்ல. அவர்கள் ஊர்த் தேவாலயத்தில் ஆராதனை நடத்தும் போதகர். தங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பிக்குவின் இடத்தில் வைத்துவிட்டார்கள். கடித்தங்களிலும் தீர்ப்புகளிலும் பிக்கு 'பிரீஸ்ட்' ஆனார்.

1848 ஜூலையில் புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளை கிளர்ந்தது. ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடிசூட்டப்பட்டது; கிரானேகம தேரர் அதை ஆசீர்வதித்தார். தம்புள்ளையும் மாத்தளை மாவட்டம்தான். இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு ஓகஸ்டில் கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் குழப்பத்தில்தான் அலுவிகாரையின் ஏட்டு நூலகமும் அழிந்தது. அந்த மாதத்தின் பிற்பகுதியில் குடாபொல தேரரை இராணுவ நீதிமன்றம் விசாரித்து, காவியுடையோடே சுட்டது.

இலண்டனில் இது பெரும் விவகாரமாயிற்று. பாராளுமன்றத்தின் தெரிவுக்குழு 1849, 1850 ஆண்டுகளில் விசாரித்தது. ஆளுநர் டொரிங்டன் 1850இல் பதவியை இழந்தார். அங்கே சுடப்பட்ட எத்தனையோ விவசாயிகளைவிட, 'பிரீஸ்ட்' ஒருவரை அவருடைய உடையோடே சுட்டார்கள் என்ற செய்தி உறுத்தியது. பலிபீடத்து அங்கியோடு ஒரு பாதிரியாரைச் சுவரோரம் நிறுத்திச் சுடும் காட்சியை அந்தச் சொல் அவர்கள் மனத்தில் எழுப்பியிருக்கும் என்பது என் எண்ணம். 'பிச்சை ஏற்பவர் ஒருவர் சுடப்பட்டார்' என்று செய்தி போயிருந்தால் எவ்வளவு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? பிழையான மொழிபெயர்ப்பு ஒரு மனிதருக்கு அவர் இறந்தபின் நீதி கேட்டது. இதை நான் முதலில் உணர்ந்தபோது என் ஆசிரியரின் தபாலட்டை சற்றே இளைத்துப் போயிற்று.

இரண்டாம் தடவை இன்னும் மோசம். 'பிரீஸ்ட்' என்ற சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தால், கிரேக்கத்தின் 'பிரஸ்பிதெரோஸ்'. பொருள்: மூத்தவர். தொடக்ககாலக் கிறிஸ்தவ சபையின் மூப்பர். தமிழ்ப் புரட்டஸ்தாந்த சபைகளில் மூப்பர் என்ற பதவியே இருக்கிறது. சரி, 'தேரர்' என்றால் என்ன? பாளியில் 'தேர', வடமொழியில் 'ஸ்தவிர', பொருள் மூத்தவர். தேரவாதம் என்றால் மூத்தோர் வழி. ஒன்றுமறியாமல் வெள்ளைக்காரத் துரை எழுதிய 'பிரீஸ்ட்' என்ற சொல், சொல்லின் பிறப்பளவில் 'தேரர்' என்பதற்கு மிகச் சரியான மொழிபெயர்ப்பு! பொருளளவில் பிழை, பிறப்பளவில் சரி. நான் அதை 'மதகுரு' என்று ஆக்கியதுதான் இரண்டளவிலும் பிழை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தகைய தேடலில் இறங்கியவனுக்கு எல்லாம் எல்லாமாகத் தெரியத் தொடங்கும். ஐரோப்பிய மடாதிபதியை 'அபட்' என்பார்கள். அது இயேசு பேசிய அரமேய மொழியின் 'அப்பா', தந்தை. நம்மவர் சிலர் உடனே தமிழின் 'அப்பா' என்று மார்தட்டுவார்கள். வேண்டாம். தந்தையைக் குறிக்கும் மழலைச் சொற்கள் உலகெங்கும் இப்படி ஒத்திருக்கும். அதில் உறவு தேடுவது வீண் வேலை. 'நன்' என்ற கன்னியாஸ்திரீயும் இலத்தீனில் மூதாட்டியை அழைக்கும் மழலைச் சொல்லிலிருந்து வந்தவர்தான். இத்தாலியில் இன்றும் 'நொன்னா' என்றால் பாட்டி.

உறவு உண்மையிலேயே இருக்கும் இடங்களில் நாம் பாராமுகமாக இருக்கிறோம். 'பள்ளி'யை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கை, தங்குமிடம் என்ற பொருளில் தொடங்கிய தமிழ்ச் சொல். மதுரைக்கருகே மாங்குளத்தில் (நம் வன்னி மாங்குளம் அல்ல) இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் சமணத் துறவிகளின் குகை இருப்பிடத்தின் பெயராகவே இது நிற்கிறது. பாறையில் செதுக்கிய படுக்கைகளும், மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் வெட்டிய விளிம்பும் அங்கே உண்டு. அதே விளிம்பைத் தம்புள்ளையிலும் காணலாம். அங்கும் பிராமி எழுத்து. இத்தீவின் குகைக் கல்வெட்டுகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: வந்தவர்க்கும் இன்னும் வராதவர்க்கும், நான்கு திசைச் சங்கத்துக்கு இக்குகை உரித்து என்பது அதன் சாரம். இன்னும் வராதவர்க்கும்! காணி உறுதி எழுதுகிற எந்த நொத்தாரிசும் ஒப்பமாட்டார்.

அந்தப் பள்ளிதான் பௌத்தருக்கும் ஆயிற்று. நாகபட்டினத்தில் கடாரத்து அரசன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தச் செப்பேட்டில் விகாரம், பள்ளி என்ற இரு சொற்களும் சேர்ந்தே வருகின்றன. திருகோணமலையின் வெல்கம் விகாரைக்கு அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழர் கொடை கொடுத்து வழிபட்ட பௌத்தப் பள்ளி அது. பிறகு நமது பௌத்தமும் சமணமும் ஒடுங்கின. சொல் மட்டும் வீடில்லாமல் அலைந்தது. பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடமாயிற்று. முஸ்லிம்களின் தொழுகையிடம் பள்ளிவாசல் ஆயிற்று. மலையாளத்தில் கிறிஸ்தவ ஆலயம் பள்ளி. சிங்களத்தில் 'பல்லிய' என்றால் தேவாலயம், மசூதி இரண்டும். ஆக, பௌத்தத் துறவியின் படுக்கைக்குத் தமிழர் வைத்த பெயர் இன்று சிங்கள பௌத்தரின் வாயில் மற்றச் சமயத்தாரின் வழிபாட்டிடத்தைக் குறிக்கிறது. எந்தச் சமயத்தின் வாசலிலும் நிற்கக்கூடிய சொல்லாக அது இருந்திருக்கிறது. நாம்தான் அதன் முதல் வீட்டை மறந்தோம்.

பாளிப் 'பரிவேண'த்துக்கும் இதே கதைதான். பிக்குமார் தங்கிய அறைத்தொகுதி 'பிரிவெனா' என்ற கல்விக்கூடமாயிற்று. ஐரோப்பாவில் 'கான்வென்ட்' என்றால் கூடுதல், கூட்டம்; 'சங்கம்' என்பதற்கு நேர்ச்சொல். தமிழ்நாட்டில் யாரையாவது கேளுங்கள், கான்வென்ட் என்றால் ஆங்கிலம் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் என்பார்கள். சங்கத்துக்கு மாத்தளைத் தோட்டங்களில் என்ன பொருள் என்று கேட்டால், சந்தாவும் தலைவரும் உள்ள தொழிற்சங்கம்! அந்தத் தோட்டத்து மக்களின் பாட்டன்மார் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக, இதே அலுவிகாரைப் பாறைகளைக் கடந்துதான் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். இன்னும் வராதவர்க்கும் என்று எழுதிய குகைகளை அவர்கள் எழுத்தறிந்து வாசித்திருக்க வாய்ப்பில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் நமது பத்திரிகை வாசகருக்கு 'விகாரை' என்பது இன்று எதைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியும். குருந்தூர்மலை, தையிட்டி என்ற பெயர்களோடு, காணி, காவல்துறை, நீதிமன்றக் கட்டளை என்ற சொற்களோடு அது தலைப்பில் வருகிறது. காணி இழந்தவரின் முறைப்பாடு நியாயமானது. அதை நான் முப்பது ஆண்டுகளாக எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் விகாரை என்ற சொல்லை அந்தச் செய்திகளில் மட்டுமே அச்சிட்டு, அதை ஓர் அச்சத்தின் பெயராக மாற்றியதில் என் மேசைக்கும் பங்குண்டு. இராசராசப் பெரும்பள்ளியைப் பற்றி என் பணிக்காலத்தில் நான் ஒரே ஒரு கட்டுரைதான் வெளியிட்டேன். அதுவும் ஞாயிறு இதழில், இடம் மிஞ்சியதால்.

மிஞ்சியிருப்பது அந்த 'சாப்டர்'.

6ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் என்று நம் கத்தோலிக்கர் அழைக்கும் பெனடிக்ட் தம் மடத்தார்க்கு ஓர் ஒழுக்க நூல் எழுதினார். அதன்வழி நின்ற மடங்களில் நாள்தோறும் துறவிகள் ஒன்றுகூட, அந்நூலிலிருந்து ஓர் அத்தியாயம் வாசிக்கப்படும். அத்தியாயம் வாசிக்கும் கூட்டத்துக்கே 'அத்தியாயம்' என்று பெயர் வந்தது. பிறகு கூடும் மண்டபத்துக்கு, பிறகு அந்தத் துறவிக் குழுவுக்கே. சபை வேறு, நூற்பகுதி வேறு என்ற இரண்டு சாப்டர்கள் இல்லை, ஒன்றுதான். ஆங்கிலேயர் மல்வத்தைக்கும் அஸ்கிரியவுக்கும் அந்தச் சொல்லையே ஒட்டிவிட்டுப் போனார்கள். இவ்விரு பீடங்களும் 1753இல் சீயத்திலிருந்து வந்த உபாலி தேரர் உபசம்பதாவை மீட்டுத் தந்தபோது தோன்றிய சியாம் நிகாயவைச் சேர்ந்தவை. அப்போது கண்டியில் ஆண்டவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன்.

இனி 'நிகாய' என்ற சொல்லைப் பாருங்கள். தொகுதி என்பது பொருள். சியாம் நிகாய, அமரபுர நிகாய, ராமஞ்ஞ நிகாய என்று பிக்குமாரின் குழுக்களுக்கும் அதுவே பெயர். தீக நிகாய, மச்சிம நிகாய என்று திரிபிடகத்தின் நூற்பகுதிகளுக்கும், அலுவிகாரையில் ஓலையேறிய அந்தப் பகுதிகளுக்கும், அதுவே பெயர். ஐரோப்பாவில் வாசிப்பிலிருந்து குழுவுக்குப் போனார்கள். இங்கே தொகுதி என்ற ஒரே பொருள் இரண்டு பக்கமும் கிளைத்தது. வந்த வழி வேறு. ஆனால் இரு மரபிலும் துறவிகளின் கூட்டத்துக்கும் புத்தகத்தின் கூறுக்கும் ஒரே சொல்.

இதை நான் கண்டுகொண்டபோது அந்த இளைஞர் இளைஞராக இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே நாட்டைவிட்டுப் போய், ரொறன்ரோவில் பேரப்பிள்ளை காணும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். மின்னஞ்சல் முகவரியைத் தேடிப் பிடித்து, சாப்டர், நிகாய, ஆசீர்வாதப்பர் எல்லாவற்றையும் விளக்கி, அன்று அலுவலகத்தில் எழுந்து நின்று வாசித்ததற்கு மன்னிப்பும் கேட்டு நீண்ட கடிதம் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'அண்ணை, நான் அப்ப அகராதியில முதலாவதா இருந்த கருத்தைப் போட்டனான். வேற ஒண்டும் இல்லை. ஆனா இஞ்ச வந்த பழைய ஆக்கள் இன்னும் என்னை அத்தியாயம் எண்டுதான் கூப்பிடுகினம். அவையளுக்கும் இதை ஒருக்கால் எழுதிப்போடுங்கோ.'

எழுதிவிட்டேன்.